கேரியரில் பாக்கியவதி

புனேக்கு வெளியே கடக்வாஸ்லா அணையைத் தாண்டினால் தார் ரோடு முடிந்துவிடும். அப்புறம் மேடும் பள்ளமுமாக ஜல்லிச் சாலைதான். எழுபத்தாறில், கல்யாணமான புதிதில், அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் என்னோடு வேலை பார்த்த மராத்தி வாத்தியார் வீட்டு விருந்துக்கு நானும் பாக்கியவதியும் ஒரே சைக்கிளில் போனோம்.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஏற்றம் வந்தால் அவள் இறங்கி நடப்பாள். நான் மிதித்துப் போய் உச்சியில் காத்திருப்பேன். இறக்கத்துக்கு அவள் மறுபடி கேரியரில் உட்கார்ந்து, கூச்சத்தோடு சீட்டின் ஸ்பிரிங்கை மட்டும் பிடித்துக்கொள்வாள்.

திரும்பும்போது ஒரு மேட்டின் உச்சியில் காலை ஊன்றி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கேரியர் அழுந்தியது.

"போலாம்" என்றாள்.

பாதி இறக்கத்தில் என் இடுப்பைச் சுற்றி ஒரு கை வந்தது. பரவாயில்லையே என்று சிரித்துக்கொண்டேன்.

அப்போது மேட்டின் உச்சியிலிருந்து பாக்கியவதி கூப்பிட்டாள். "என்னங்க, நில்லுங்க. நான் இன்னும் உக்காரவே இல்லையே."

பிரேக்கைப் பிடித்தேன்.

"நிக்காதீங்க" என்றாள் பாக்கியவதி, என் முதுகுக்குப் பின்னால்.

குனிந்து பார்த்தேன். இடுப்பைச் சுற்றியிருந்த கையில் அவளுடைய வளையல்கள்தான். திரும்பிப் பார்க்க முயன்றேன். அந்தக் கை விடவில்லை. சைக்கிளும் நிற்கவில்லை.

உச்சியிலிருந்து வந்த குரல் தேய்ந்துகொண்டே போனது.

அடுத்த ஏற்றம் வந்தது. அவள் இறங்கட்டும் என்று வேகத்தைக் குறைத்தேன்.

அவள் இறங்கவில்லை.