யாருடைய வலி

இது யாருடைய வலி என்று குமுதினி காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள். இடது தோளுக்குக் கீழே விட்டுவிட்டுக் குத்தியது. வலிப்பட்டையைக் கையில் கட்டிக்கொண்டால் வீட்டில் யாருடைய வலியையும் வாங்கிக்கொள்ளலாம். மாமியாரின் மூட்டுவலி, நாத்தனாரின் பிரசவ வலி, மகனின் தலைவலி எல்லாம் அவள் உடம்பு வழியாகத்தான் போயிருக்கின்றன.

ஆனால் பட்டை இப்போது அலமாரியில் கிடந்தது. பழுதாகி, கட்டாமலேயே யாருடைய வலியையாவது இழுக்கிறதோ என்று ஒவ்வொருவரையும் ஃபோனில் கூப்பிட்டுக் கேட்டாள்.

"எனக்குத் தோளெல்லாம் வலிக்கலீங்க அண்ணி," என்று நாத்தனார் சிரித்தாள். "உங்க சொந்த வலியா இருக்கப் போகுது!"

குமுதினி தோளை மெல்லத் தடவிப் பார்த்தாள். தனக்கும் வலி வரும் என்பதை எப்போது மறந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கணவன் சென்னியப்பன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். "அம்மிணி, கடவாய்ப்பல்லு உசுரை எடுக்குது. சாயங்காலம் வரைக்கும் வாங்கிக்கயேன். நீ என் தங்கமல்ல?"

அவள் அவன் கன்னத்தில் கைவைத்துப் பார்த்தாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். அவன் அதற்குள் அலமாரியிலிருந்து பட்டையை எடுத்து நீட்டினான்.

"கொப்புளிச்சுட்டுக் கிளம்புங்க, ரெண்டு பேருமே டாக்டர்கிட்டப் போலாம். அதை மட்டும் இன்னைக்குக் கட்டச் சொல்லாதீங்க. அப்புறம் என் வலி எதுன்னு எனக்கே தெரியாமப் போயிருமுங்க."