துரைக்கு ஒரு கேள்வி

“பொருளுக்கு ‘விச்’, ஆளுக்கு ‘ஹூ’. அது புரிஞ்சிபோச்சி மரியா. செத்தவங்களுக்கு இன்னா போடணும்?”

வாட்ச்மேன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தாமோதரன் கேட்டார். பக்கத்துவீட்டு மரியா வாய்க்குப் போன முறுக்கை வழியிலேயே நிறுத்தினாள். பெங்களூர் ஆபீஸில் வாரம் முழுக்க இங்கிலீஷிலேயே திட்டு வாங்குகிற பெண். அங்கேகூட இப்படி ஒரு சந்தேகத்தை யாரும் கிளப்பியதில்லை.

“செத்தாலும் ஆளு ஆளுதான் அங்கிள். ‘ஹூ’தான்.”

அந்தப் பதில் தாமோதரனுக்குப் பிடித்திருந்தது. தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

தங்கச் சுரங்க ஊரான பாலகாட்டில் பாழடைந்து கிடக்கும் துரை பங்களாவுக்கு அவர்தான் காவல். ஜன்னல் கம்பிவரைக்கும் எவனோ எப்போதோ கொண்டுபோய்விட்டான். திருடுவதற்கு மிச்சம் இருப்பது துரை மட்டும். சுரங்கத்துக்குள் செத்துப்போன அந்த வெள்ளைக்காரர் இன்னும் வீட்டுக்கு வந்துபோகிறார் என்று ஊருக்கே தெரியும். மற்ற பேய்களெல்லாம் நடுராத்திரிக்குக் காத்திருக்கும். இவர் பட்டப்பகலில், சரியாகச் சோற்று நேரத்துக்கு வருவார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தாமோதரன் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பூட்ஸ் சத்தம் வரும், கூடவே கிணிங் கிணிங்கென்று ஒரு சத்தம். துரையின் கடிகாரச் சங்கிலி என்பது தாமோதரனின் முடிவு. எழுந்து சல்யூட் அடித்து நிற்பார். சமையல்கட்டுப் பின்வாசல்வரை வந்த சத்தம், சல்யூட்டைப் பார்த்துத் தயங்கியதுபோல் நின்றுவிட்டு, திரும்பிப் போய்விடும்.

“தன் வீட்டுக்கு வர்ற துரை முன்வாசல்ல வரமாட்டாரா அங்கிள்?”

“முன்வாசல் பூட்டு துருப்புடிச்சி கீதும்மா.”

பேய்க்குப் பூட்டு ஒரு கேடா என்று மரியா கேட்கவில்லை. மாதா கோயில் பூசை முடிந்து, சுடுசோற்றை விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் மட்டும் என்ன புத்திசாலியா?

இந்த இங்கிலீஷ் வகுப்பு முழுக்க, துரையிடம் கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்விக்காகத்தான். தாமோதரன் இரண்டாங்கிளாஸ் படிக்கும்போது, காலை ஷிப்டுக்குப் போன அவருடைய நைனா கீழே பாறை சரிந்ததில் மாட்டிக்கொண்டார். இறங்குகிற ஒவ்வொருவரும் தன் பித்தளை டோக்கனை எடுத்துப்போய், ஏறி வந்ததும் அதைத் தன் ஆணியில் மாட்ட வேண்டும். அன்றைக்கு நைனாவின் ஆணி காலி. உடம்பும் கிடைக்கவில்லை.

காரியம் செய்ய அம்மா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆணி காலியாக இருக்கிறவரை ஆள் ஷிப்டில்தான் இருக்கிறார் என்றாள். அதையே சொல்லிக்கொண்டு அவளும் போய்ச் சேர்ந்தாள்.

இப்போது சுரங்கம் மூடித் தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. கீழேயிருந்து மேலே வந்துபோகிற ஒரே ஆள் துரை. நைனாவைப் பற்றி யாரையாவது விசாரிக்க வேண்டுமென்றால் அவரைத்தான் விசாரிக்க வேண்டும். துரைக்குத் தமிழ் தெரியாது, தாமோதரனுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் இத்தனை வருஷமும் வெறும் சல்யூட்டிலேயே போயிற்று.

“தமிழ்ல கதையெல்லாம் சொல்லிட்டு ஆளைக் கடைசியில கொண்டாருவோம் அங்கிள். இங்கிலீஷ்ல ‘த மேன்’னு ஆளை முதல்ல நிறுத்திடணும். அப்புறம் ‘ஹூ’ன்னு ஒரு கொக்கி. அதுல கதையை மாட்டுங்க.”

“இன்னா கதைய மாட்றது? சுரங்கத்துல எறங்கினவருன்னு சொன்னா, எத்தினி பேரு கீறாங்க அங்க. துரை யாருன்னு கண்டாரு?”

“அதுக்குத்தானே ‘ஹூ’. உங்க நைனாவுக்கு மட்டும் பொருந்துற மாதிரி ஒண்ணு சொல்லுங்க.”

தாமோதரன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“என்னைத் தாமுன்னு கூப்பிடுவாரு. அவரு மட்டுந்தான். அம்மாவுக்கு நான் தாமோதரா. ஊருக்கு வாட்ச்மேனு.”

மரியா வாக்கியத்தைக் கோத்துக் கொடுத்தாள். “அப்போ இப்படிக் கேளுங்க. ஹேவ் யூ சீன் த மேன் ஹூ கால்டு மீ தாமு? என்னைத் தாமுன்னு கூப்பிட்டவரைப் பாத்தீங்களான்னு அர்த்தம்.”

“கால்டுன்னா முடிஞ்சி போனதாச்சே?”

“ஆமா.”

“வேணாம். கூப்பிடறவருன்னு வரணும்.”

“கால்ஸ்,” என்றாள் மரியா.

தாமோதரன் முணுமுணுத்துப் பழகிக்கொண்டிருந்தபோதே அது கேட்டது. பூட்ஸ். கிணிங் கிணிங். மரியாவின் கையிலிருந்த முறுக்கு கீழே விழுந்து உடைந்தது. இதுவரை அவள் அவருக்காகத்தான் நம்பினாள்.

சத்தம் பின்வாசலில் வந்து நின்றது. அங்கே வெயிலைத் தவிர யாரும் இல்லை. தாமோதரன் தொப்பியை மாட்டி, விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

“சார்! ஹேவ் யூ சீன்... த மேன்... ஹூ கால்ஸ் மீ தாமு?”



முதல்முறையாக அந்தச் சத்தம் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. நேராகச் சமையல்கட்டுச் சுவருக்குப் போயிற்று. அங்கே துருவேறிக் கிடந்த ஆணியில் எதுவோ கிணிங்கென்று மாட்டப்பட்டு, ஆடி, அடங்கியது.

பிறகு தாமோதரனின் காதுக்குப் பக்கத்தில், மண்தூசி அடைத்த தொண்டையிலிருந்து, ஒரு குரல் சிரித்தது.

“இன்னாடா தாமு, இங்கிலீசெல்லாம் எப்போடா கத்துகின?”