ராயப்பராஜ் சாரின் அம்பாசடர்

ராயப்பராஜ் சார் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் ஆசைப்பட்டு வாங்கிவைத்த புது ஸ்டீரியோவை அவருடைய பழைய அம்பாசடரில் மாட்டச் சொல்லி, அவர் மனைவி அல்போன்சா டீச்சர் நாகல்நகரில் என் கடைக்கு வந்தார். வண்டியிலிருந்த பழைய கேசட் செட்டைக் கழற்றிவிட்டு வயர் முழுவதும் புதிதாக இழுத்தேன். என் வேலையில் லூஸ் கனெக்‌ஷன் என்ற பேச்சே கிடையாது.

ஓட்டிப் பார்க்க டீச்சர் வண்டியை எடுத்தார்; நானும் பாட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். அடுத்த தெருவில் ஒரு துக்க வீடு; வாசலில் பந்தல். நான் கை வைப்பதற்குள் பாட்டு தானாக அடங்கியது. பந்தலைத் தாண்டியதும் பழையபடி கேட்டது.

“அவரும் இப்படித்தான். எழவு வீட்டக் கண்டா சத்தத்தக் கொறச்சுருவாரு,” என்றார் டீச்சர்.

“செட்டுல ஏதோ கோளாறு டீச்சர். மாத்திருவோம்.”

இன்னொரு வீட்டில் கண்ணீர் அஞ்சலி பேனர். அங்கேயும் அடங்கி, பிறகு எழுந்தது.

மேட்டுப்பட்டியில் டீச்சர் வீட்டு வாசலுக்கு வந்தோம். கேட்டில் சாரின் கண்ணீர் அஞ்சலி பேனர் இன்னும் இருந்தது. பாட்டு முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். எனக்குச் சங்கடமாகிவிட்டது. குமிழைத் திருகிக் குறைத்தேன். கையை எடுத்ததும் அது மெதுவாகத் திரும்பிப் பழைய இடத்துக்கே வந்தது.

டீச்சர் என் காதருகே குனிந்தார்.

“அவருக்கு இன்னும் தெரியல, ரொனால்டு.”

பிறகு இறங்கிப் போய்ப் பேனரை அவிழ்த்துச் சுருட்டி, வண்டியிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில் வைத்தார்.