ஹாலுக்கு நடுவில் ஒரு கட்டம்

“மச்சான், ஹாலுக்கு நடுவுல பாய் விரிச்ச மாதிரி தூசி! ரோபோ வேக்குவம் அங்க போறதே இல்லையா?”

மைத்துனன் லாயிட், பெர்னார்டின் போனை வாங்கி, ரோபோ வைத்திருந்த வீட்டு மேப்பைத் திறந்தான். நடு ஹாலில் ஒரு நீளக் கட்டம் இருந்தது.

“ஏதோ சாமான் இருக்குன்னு சுத்திப் போகுது, லூசு மெஷின். அழிச்சிடவா?”

“வேணாம்.”

“வெறும் தரைதானே! எப்ப எடுத்த மேப் இது?”

“உங்க அக்காவை அடக்கம் பண்ண அன்னிக்கு. காலையில வழக்கம்போல அதுவே கிளம்பி, புதுசா மேப் எடுத்துக்கிச்சு. யாரும் நிறுத்தல.”

லாயிட் போனிலிருந்து விரலை எடுத்தான். அன்று நடு ஹாலில்தான் அக்கா லவினாவை ஃப்ரீசர் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள்.

பெர்னார்ட் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

“அழிச்சா, அவ மேல ஏறிப் போகும்டா.”