வெறுங்குச்சி

பிணத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, குப்பை வண்டியில் தன் கையாலேயே போட்டுவிட்டு வந்தாள். வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் இவளுக்கு மூச்சே வந்தது.

செத்தது ஓர் ஆர்க்கிட் செடி. கணவனின் முதல் மனைவி, சாவதற்கு முந்தைய வருடம் வைத்தது. கல்லூரி விடுதிக்குக் கிளம்பியபோது மகள் அதை இவள் கையில் கொடுத்து, "அம்மாவோடது சித்தி, பாத்துக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அலுவலகத் தலைவலியில் தண்ணீர் ஊற்ற மறந்துபோனது. குளிர் தொடங்கியதும் இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாய் உதிர்ந்து, குச்சிகள்தான் மிஞ்சின. பிடுங்கினால் அதுவும் வரவில்லை. வேர்கள் பீங்கான் தொட்டியை விடாப்பிடியாகப் பற்றியிருந்தன. கத்தியால் நெம்பித்தான் எடுத்தாள்.

இன்று மகள் விடுமுறைக்கு வருகிறாள். அதே ஊதா நிறத்தில் பூத்த செடியொன்றை இவள் தேடிப்பிடித்து வாங்கி வைத்திருந்தாள்.

தொட்டியின் அடியில் கரித்துண்டுகள், அதற்கு மேல் மரப்பட்டைச் சில்லுகள். மரக்கிளையில் தொற்றி வளரும் செடி இது. வேருக்குக் காற்றோட்டம் வேண்டும், மண்ணே ஆகாது. "மண்ணுல புதைக்கிறது நம்மளத்தான்மா, இதை இல்ல" என்றார் கடைக்காரர். செத்த வேரை நசுக்கினால் சக்கையாகிவிடும், கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது என்றும் சொல்லிக்கொடுத்தார்.

புதுச் செடியின் வேரை நசுக்கிப் பார்த்தாள். கெட்டிதான். செடியை நடுவில் நிறுத்தி, ஆடாமலிருக்க மூங்கில் குச்சியோடு கட்டி, மேலே பாசியைப் பரப்பினாள்.

மகள் வந்ததும் பையைக்கூட இறக்காமல் நேரே ஜன்னலோரம் போய்ப் பூவைத் தொட்டுப் பார்த்தாள். அழகாக வைத்திருப்பதாகப் பாராட்டினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் இருக்குமா? அதற்கு மேல் இவளால் தாங்க முடியவில்லை.

"இது உங்கம்மா செடி இல்லம்மா. நான் தண்ணி ஊத்த மறந்துட்டேன். இலையெல்லாம் கொட்டி, வெறுங்குச்சியா செத்துப்போச்சு."

இவள் எதிர்பார்த்தது அழுகையை. மகளோ சிரித்தபடி இவளைத் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"இதுக்கா சித்தி அழுவுறீங்க? சொல்லாமப் போனது என் தப்பு. குளிர் வந்தா அது இலையை உதிர்த்துட்டுத் தூங்கும். அப்போ தண்ணியே ஊத்தக் கூடாது. வெயில் வந்ததும் அந்த வெறுங்குச்சியிலதான் பூக்கும். அம்மாவே மொத வருஷம் செத்துப்போச்சுன்னு அழுதாங்க."

சொல்லிக்கொண்டே தன் துப்பட்டாவால் இவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"சரி, அதை எங்க வச்சிருக்கீங்க?"