மூன்றாவது கோப்பையின் உப்பு

பெருமாட்டி கிராமத்துத் தென்னந்தோப்புக்குள் இருக்கும் சின்ன பீர் ஆலையில், மத்தியான வெயில் மூன்று கண்ணாடிக் கோப்பைகளுக்குள் புகுந்து மேசைத் துணியில் மஞ்சளாகக் கசிகிறது. பீர் ருசி பார்த்து வீடியோ போடுகிற பாலக்காட்டு அத்வைத், கைப்பேசியை எதிரே நிறுத்திவிட்டு முதல் இரண்டையும் உறிஞ்சி, மாட்டுச் சந்தைத் தரகனைப்போல உதட்டைப் பிதுக்குகிறான். போன வாரம் காய்ச்சிய மூன்றாவதில்தான் புருவம் ஏறுகிறது. "அடடா! கடைசியில லேசா ஒரு உப்பு. பிரமாதம் சார், இத மட்டும் மாத்திடாதேங்கோ!" குறை சொன்னால் சமாதானம் சொல்லலாம், இப்படிப் புகழ்ந்துவிட்டால் என்ன செய்வது? ஆலைக்காரர் நவநீதனின் சிரிப்பு மீசையைத் தாண்டி மேலே ஏறவில்லை. மனைவி மயூரி அவர் காதருகே குனிகிறாள். "ஏனுங்க, உப்புப் போட்டீங்களா?" "நா எதுக்குப் போடறேன்?" பக்கத்துத் தோப்புகளின் போர்க்கிணற்றுத் தண்ணீரெல்லாம் உப்பேறிவிட்டது, இவர்களுடையது மட்டும் தப்பித்தது என்றுதான் ஆலையே வைத்தார்கள். வீட்டில் குடிப்பது பஞ்சாயத்துத் தண்ணீர்; போர்த்தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தே நாளாகிறது. மயூரி மூலைக்குப் போய்ப் போர்க்குழாயைத் திறந்து, எவர்சில்வர் டம்ளரில் பிடித்து ஒரு வாய் வைக்கிறாள். விழுங்கவில்லை. கன்னம் உப்பியபடி கணவரைப் பார்த்துவிட்டு, சாக்கடை ஓரமாகத் துப்புகிறாள். "கேமரா ஓடறது சார். என்ன ரகசியம், சொல்லுங்கோ!" நவநீதன் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். "ரகசியமெல்லாம் இல்லீங்க தம்பி. எங்க தண்ணியோட ருசிங்க." அத்வைத் கட்டைவிரலை உயர்த்துகிறான். மூலையில் மயூரி குழாயை மூடாமல் நிற்கிறாள்.