நீலத்துக்கு எத்தனை சொட்டு

முதல் சொட்டிலேயே நீலமாகிவிட்டது.

அவள் குப்பியைக் கழுவினாள். குளியலறைக் குழாயைத் திறந்து கோடு வரைக்கும் மறுபடி பிடித்தாள். பொடியைப் போட்டாள். மருந்து ஒரு சொட்டு.

நீலம்.

இது நான்காவது முறை.

உப்புத் தண்ணீர் என்றால் பொடி பட்டதும் சிவக்கும். எத்தனையாவது சொட்டில் நீலத்துக்கு மாறுகிறது என்று எண்ண வேண்டும். போன மாதம் இதே குழாய்த் தண்ணீர் இருபத்திரண்டு சொட்டுக்குப் பிறகுதான் மாறியது. அதற்காகத்தான் மொட்டைமாடியில் தண்ணீரின் கடினத்தைப் போக்கும் அந்த சாஃப்ட்னர்.

சாஃப்ட்னர் நன்றாக வேலை செய்கிறது.

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள். தண்ணீர் போகும் சல்லடையில் முடி சுருண்டு கிடந்தது. நேற்றைவிடக் கொஞ்சம் அதிகம்.

அக்காவுக்கும் முதலில் முடிதான் கொட்டியது. எல்லோரும் போர் தண்ணீரைத் திட்டினார்கள். இரண்டு வருடம் திட்டினார்கள்.

அப்புறம் அக்காவே இல்லை.

டாக்டர் எழுதித் தந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் மூன்று வாரமாக இருக்கிறது. கீழே ஒரு வரி: வெறும் வயிற்றில் வரவும். முதலில் தண்ணியைச் சரி பண்ணுவோம் என்று சொன்னவன் கணவன். சரி என்றவள் அவள்.

கீழே அவனுடைய வண்டிச் சத்தம்.

அவள் சமையலறைக்குப் போனாள்.

சாஃப்ட்னர் மூட்டை மூட்டையாக உப்பு போட்டு ஓட்டும் மிஷின். அந்தத் தண்ணீரில் சமைத்தால் கரிக்கும் என்று பயந்து, சமையலறைக் குழாயை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம் என்று பிளம்பரிடம் சொல்லியிருந்தாள். கணவனுக்கு அது தெரியாது. அன்று அவன் அலுவலகத்தில் இருந்தான்.

அந்தக் குழாயில் குப்பியை நிரப்பினாள். பொடி விழுந்ததும் சிவந்தது. பத்துச் சொட்டு விட்டாள். சிவப்பு அசையவில்லை.

அவன் ஹெல்மெட்டைக்கூட வைக்காமல் நேராக உள்ளே வந்தான். குப்பியைப் பார்த்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

“நான் சொன்னேன்ல, தண்ணிதான். மிஷின்காரன் நல்லா மொட்டை அடிச்சுட்டான் நம்மள.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அவள் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து அவனும் சிரித்தான். அவன் தோள்கள் இறங்கின. இத்தனை நாளும் அவனும் சல்லடையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

நாளைக்கே ஆளை வரச் சொல்லிக் கிழிக்கிறேன் என்றபடி முகம் கழுவப் போனான். அங்கே குழாய் வெகுநேரம் ஓடியது. ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தான்.

அவள் சீட்டை உருவி, நான்காக மடித்து, கைப்பையின் உள்ஜிப்பில் வைத்தாள். காந்தத்தை இருந்த இடத்திலேயே ஒட்டினாள்.

காலையில், இட்லித் தட்டில் நான்கு குழிகளில் மட்டும் மாவு ஊற்றினாள்.

அவனுக்கு நான்கு போதும்.